எந்தப் புலம், எந்த விதி: மறுக்கும் நிரல் காரணம் சொல்லக் கடமைப்பட்டது

"கோரிக்கை செல்லாது" என்ற ஒற்றை வரியைப் பிழைச் செய்தி என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை. அது காரணம் எழுதப்படாத ஒரு தீர்ப்பு. ஏபிஐ என்று நாம் சுருக்கமாக வழங்கும் நிரலாக்க இடைமுகங்களில் இத்தகைய தீர்ப்புகள் நாள்தோறும் எண்ணற்ற முறை எழுதப்படுகின்றன. அனுப்பியவர் இருபது புலங்களை நிரப்பி அனுப்பியிருப்பார். அவற்றுள் ஒன்றோ இரண்டோ சேவையகத்தின் விதிக்கு ஒத்துவராமல் போயிருக்கும். எந்தப் புலம், எந்த விதி என்பது சேவையகத்துக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் மறுத்தது. ஆயினும் அந்த அறிவைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, அனுப்பியவரைத் தேட விடுகிறது.

இப்பதிவில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே கருத்து. உள்ளீட்டை மறுக்கும் உரிமை எவரிடம் உள்ளதோ, அம்மறுப்பின் காரணத்தைப் புலவாரியாகத் தெரிவிக்கும் கடமையும் அவரிடமே உள்ளது. விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று விடக்கூடிய உபசாரமாக இதைக் கருத இயலாது. இடைமுகம் என்னும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகவே இதைக் கருத வேண்டும். நம் கணினி அறிவியல் வகுப்புகளோ மறுப்பதைக் கற்பிக்கின்றன, காரணம் சொல்வதைக் கற்பிப்பதில்லை.

சட்டம் பயின்ற நண்பர்களுக்கு இக்கடமை புதிதாகத் தோன்றாது. எஸ்.என். முகர்ஜி எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், நீதிமுறை சார்ந்த அதிகாரத்தைச் செலுத்தும் நிருவாக அமைப்புகள் தம் முடிவுக்குக் காரணங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதை 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வலியுறுத்தியது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை இன்னும் நடைமுறைக்கு உகந்த வடிவில் தருகிறது. அச்சட்டத்தின் 7(8) பிரிவின்படி, ஒரு விண்ணப்பத்தை மறுக்கும் பொதுத் தகவல் அலுவலர் மூன்று செய்திகளைத் தெரிவித்தாக வேண்டும்: மறுப்புக்கான காரணம், மேல்முறையீடு செய்வதற்கான கால அளவு, மேல்முறையீட்டு அலுவலர் யார் என்ற விவரம். ஏன் மறுத்தேன், அடுத்து நீ என்ன செய்யலாம், யாரிடம் செல்லலாம் என்ற மூன்றையும் சொல்லாத மறுப்பை அச்சட்டம் முழுமையான மறுப்பாக ஏற்பதில்லை.

ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குத் தரும் மறுப்பையும் இதே அளவுகோலால் அளக்கலாம் என்பது என் வாதம். அந்த நிரல்களின் மறுமுனையில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவியோ, ஓய்வூதியம் பெற வேண்டிய முதியவரோ பெரும்பாலும் காத்திருக்கின்றனர். காகித விண்ணப்பத்தில் எழுத்தர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிய இடத்தை இன்று இடைமுகத்தின் மறுமொழி நிரப்புகிறது. வட்டமிடும் பழக்கத்தை மட்டும் நாம் இடையில் விட்டுவிட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். உதவித்தொகைக்கான ஒரு கோரிக்கையில் பெயர், பிறந்த நாள், மாவட்டம், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, அஞ்சல் குறியீடு ஆகிய ஆறு புலங்கள் உள்ளன. ஐ.எஃப்.எஸ்.சி. என்பது 11 இடங்கள் கொண்டது. முதல் நான்கு இடங்கள் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாம் இடம் எப்போதும் சுழியம். எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பவை. அந்த ஐந்தாம் இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டச்சு செய்துவிடுவது எளிது. கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. இப்போது சேவையகம் நான்கு வகையாக மறுக்கலாம்.

"கோரிக்கை செல்லாது" என்பது முதல் வகை. ஆறு புலங்களும் ஐயத்துக்குரியவை ஆகின்றன.

"வங்கி விவரம் தவறு" என்பது இரண்டாம் வகை. ஐயம் இரண்டு புலங்களாகக் குறைகிறது.

"ஐ.எஃப்.எஸ்.சி. புலம் தவறு" என்பது மூன்றாம் வகை. இடம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. மாணவி தன் வங்கிப் புத்தகத்தைப் பார்ப்பாள். புத்தகத்தில் உள்ளதுதான் திரையிலும் உள்ளது போல அவளுக்குத் தோன்றும்.

"ஐ.எஃப்.எஸ்.சி. புலத்தின் ஐந்தாம் இடத்தில் சுழியம் என்னும் எண் இருக்க வேண்டும், இப்போது அங்கே எழுத்து உள்ளது" என்பது நான்காம் வகை. இது ஒன்றே திருத்தத்துக்கு வழி காட்டுகிறது. இந்த நான்கையும் எழுதுவதற்குச் சேவையகத்துக்குத் தேவைப்படும் அறிவு ஒன்றேதான். வேறுபடுவது, அந்த அறிவில் எவ்வளவு பங்கை வெளியே விடுகிறோம் என்பது மட்டுமே.

நான்காம் வகை மறுமொழியை எழுதுவதற்கான பொது வடிவம் ஏற்கெனவே உள்ளது. இணையப் பொறியியல் பணிக்குழு 2016-இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 7807, பின்னர் அதன் இடத்தை எடுத்துக்கொண்ட 2023-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 9457 ஆகிய ஆவணங்கள், எச்டிடிபி இடைமுகங்கள் சிக்கலைத் தெரிவிக்க வேண்டிய முறையை வகுத்துள்ளன. சிக்கலின் வகையை அடையாளம் காட்டும் முகவரி, நிலை எண், சிறு தலைப்பு, இந்த நிகழ்வுக்கே உரிய விளக்கம், இந்த நிகழ்வின் அடையாளம் ஆகிய ஐந்து உறுப்புகள் அதில் உண்டு. 9457 தரும் எடுத்துக்காட்டு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அதில் வயது என்ற புலம் நேர்ம முழு எண்ணாக இருக்க வேண்டும் என்பதும், வண்ணம் என்ற புலம் குறிப்பிட்ட மூன்று வண்ணங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் ஒரே மறுமொழியில் ஒரு பட்டியலாக வருகின்றன. ஒவ்வொரு பிழைக்கும் அது நிகழ்ந்த இடம் ஒரு சுட்டியால் காட்டப்படுகிறது. ஜேசன் ஆவணத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் அம்முறையும் 2013-இல் ஆர்.எஃப்.சி. 6901 வழியாக வரையறுக்கப்பட்டதே. மூன்றாம் மாணவரின் இரண்டாம் முகவரியில் உள்ள அஞ்சல் குறியீடு என்பது வரை ஐயமின்றிச் சுட்ட இயலும்.

நிலை எண்ணைப் பற்றியும் ஒரு சொல். சேவையகத்தால் கோரிக்கையைப் படிக்கவே இயலாதபோது, எடுத்துக்காட்டாக ஓர் அடைப்புக்குறி விடுபட்டுப்போனபோது, 400 என்னும் எண் பொருந்தும். படிக்க முடிந்து, உள்ளடக்கம் விதிக்கு ஒவ்வாதபோது 422 உண்டு. வெப்டாவ் நீட்டிப்புக்காகப் பிறந்த இந்த எண், 2022-இன் ஆர்.எஃப்.சி. 9110 வழியாக எச்டிடிபியின் பொது வரையறைக்குள் இடம்பெற்றது. பாஸ்ட்ஏபிஐ என்னும் சட்டகம் புலப் பிழைகளுக்கு 422-ஐ அனுப்புகிறது. ஜாங்கோ ரெஸ்ட் பிரேம்வொர்க் 400-ஐ அனுப்புகிறது. எது சரி என்று மணிக்கணக்கில் வாதிடுவோரை நான் கண்டிருக்கிறேன். இவ்விரண்டு சட்டகங்களும் பிழையைப் புலத்தோடு சேர்த்தே தருகின்றன. பயன்படுத்துவோருக்கு அதுவே முதன்மையானது. 200 என்று வெற்றி எண்ணை அனுப்பிவிட்டு, உள்ளே தோல்விச் செய்தியை ஒளித்துவைக்கும் வழக்கமே உண்மையில் கேடானது. கண்காணிப்புக் கருவிகளும் இடைநிலைச் சேவையகங்களும் அதை வெற்றி என்றே எண்ணிக் கடந்துவிடும்.

அடுத்த வினா: முதல் பிழையைக் கண்டதும் நிறுத்திவிடலாமா, எல்லாப் பிழைகளையும் தொகுத்துத் தர வேண்டுமா?

இதற்கு நம் துறையின் வரலாற்றிலேயே விடை உள்ளது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 கணினி வந்த காலத்தையும், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்ட காலத்தையும் எண்ணிப் பாருங்கள். அக்காலத்தின் தொகுதிச் செயலாக்க முறையில் துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டதற்காக ஒரு சுற்று வீணாகும் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் இயன்ற அளவு பிழைகளைச் சொல்லிவிடுவதே நிரல்பெயர்ப்பியின் கடமையாகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1973-இல் கான்வே, வில்காக்ஸ் ஆகியோரால் ஆய்விதழில் விளக்கப்பட்ட பிஎல்/சி என்னும் நிரல்பெயர்ப்பி, பிழைகளைச் சுட்டியதோடு நில்லாமல் இயன்றவரை தானே திருத்தித் தொடரவும் முயன்றது. மாறாக, 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் முதல் பிழையிலேயே நின்றது. கர்சரை அப்பிழையின் இடத்துக்கே கொண்டுசென்று நிறுத்தியது. நிரலாளர் திருத்துவார், மறுபடியும் சில நொடிகளில் பெயர்த்துவிடலாம். இரண்டு முடிவுகளும் அறிவார்ந்தவையே. ஒரு சுற்றின் செலவு எவ்வளவு என்பதே இரண்டையும் தீர்மானித்தது.

இன்றைய இடைமுகம் எந்தப் பக்கம்? வலையில் ஒரு கோரிக்கை சென்று திரும்ப மில்லி நொடிகள் போதும் என்பதால் டர்போ பாஸ்கலின் பக்கம் என்று தோன்றும். அது மேலோட்டமான கணக்கு. கல்லூரி அலுவலகம் தொகுத்த பட்டியலை ஒரு மென்பொருள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறது, அங்கிருந்து அது அரசுத் தளத்துக்குச் செல்கிறது, அங்கிருந்து வங்கிக்கு. வங்கியின் இடைமுகம் ஒரு புலத்தை மறுத்தால் அம்மறுப்பு நான்கு கைகள் கடந்து மாணவியிடம் வந்து சேர வேண்டும். அவள் திருத்திய மறுவாரமே இரண்டாம் புலமும் தவறு என்று தெரிய வந்தால், நாம் துளையட்டைக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்பது பொருள். மனிதர் இடையில் நிற்கும் எந்தச் சங்கிலியிலும் ஒரு சுற்றின் செலவை நாட்களில்தான் அளக்க வேண்டும். ஆகவே ஒரே மறுமொழியில் எல்லாப் பிழைகளையும் தருவதே முறை.

எல்லாவற்றையும் தருவதற்கு ஒரு வரிசை தேவை. முதலில் வடிவம்; பின் ஒவ்வொரு புலத்தின் வகை; பின் ஒவ்வொரு புலத்தின் விதி; அதன்பின் புலங்களுக்கு இடையிலான உறவு; இறுதியாக, சேவையகத்திடம் ஏற்கெனவே உள்ள தரவோடு முரண்பாடு. வடிவமே சிதைந்திருந்தால் மற்றவற்றைப் பேச இயலாது. தொடக்க நாள் தேதியாகவே இல்லாதபோது, முடிவு நாள் அதற்குப் பின்னதா என்று ஆராய்ந்து இன்னொரு பிழையைச் சேர்ப்பது குழப்பத்தையே வளர்க்கும். ஒரு நிலைக்குள் உள்ளவற்றை முழுமையாகச் சொல்லி, அடுத்த நிலையை அது சார்ந்துள்ள புலங்கள் தேறிய பின்னரே ஆராய்வது நல்லது. இரு புலங்களின் உறவில் எழும் பிழையை ஒரு புலத்தின் தலையில் சுமத்தாமல் இரண்டையும் சுட்ட வேண்டும். அல்லது எந்தப் புலத்துக்கும் உரியதன்று என்று தனியே வைக்க வேண்டும். ஜாங்கோ ரெஸ்ட் பிரேம்வொர்க்கில் இதற்கென்றே தனி இடம் உண்டு.

தவறான காரணம் சொல்வதைவிடக் கொடியது ஒன்று உண்டு: மறுக்க வேண்டியதை மறுக்காமல் விழுங்கிவிடுவது. சேவையகம் அறியாத புலம் ஒன்று கோரிக்கையில் வந்தால் அதைப் புறக்கணித்துவிட்டு வெற்றி என்று சொல்வது பல இடைமுகங்களின் இயல்பு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்திருந்தாலும் இதுவே நடக்கும். மேலெல்லை என்ற புலத்தின் பெயரைத் தவறாக எழுதி 100 என்று அனுப்பியவர், எல்லையற்ற விடையைப் பெற்றுக்கொண்டு தம் எல்லை செயல்பட்டது என்றே நம்புவார். ஆய்வுத் தரவைத் திரட்டுவோர் இதை மிகுந்த அச்சத்தோடு நோக்க வேண்டும். தேதி வரம்பைக் குறிக்கும் புலத்தின் பெயர் ஒரு பதிப்பில் மாறிவிட, பழைய பெயரைச் சேவையகம் ஓசையின்றிப் புறக்கணித்தால், கிடைக்கும் தரவுத்தொகுதி பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். அதன்மேல் எழும் ஆய்வுக் கட்டுரையின் முடிவுதான் தவறாக இருக்கும். அதை எந்த மதிப்பாய்வாளரும் கண்டறிய வழியில்லை.

இப்பழக்கத்துக்கு மதிப்புமிக்க ஒரு முன்னோர் உண்டு. அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்ற ஜான் போஸ்டலின் நெறி, 1980-ஆம் ஆண்டின் டிசிபி வரையறையான ஆர்.எஃப்.சி. 761-இல் இடம்பெற்றது. பல்வேறு நிறுவனங்களின் கணினிகள் முதன்முதலாகப் பேசிப் பழகிய காலத்துக்கு அது பொருந்திய அறிவுரை. ஆனால் ஏற்பவரின் தாராளம் அனுப்புபவரின் பிழையை நிலைபெறச் செய்கிறது. பின்னர் அப்பிழையே மரபாகிறது. 2023-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9413 இதை விரிவாக எடுத்துரைக்கிறது. குபர்னெட்டீஸ் கடந்துவந்த பாதை நல்ல சான்று. அறியாத புலங்களை அதன் சேவையகம் முன்பு ஓசையின்றி உதிர்த்துவிடும். பின்னர் புறக்கணி, எச்சரி, மறு என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றைக் கோருபவரே தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது, 2023-இன் 1.27 பதிப்பில் அது நிலைபெற்றது. எதிர்காலப் பதிப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அறியாத புலத்தை ஏற்க நேர்ந்தாலும், "இதை நான் பயன்படுத்தவில்லை" என்று சொல்வதற்குத் தடை எதுவும் இல்லை.

இதுவரை விதி சரியானது, உள்ளீடே தவறானது என்று எடுத்துக்கொண்டோம். விதியே தவறாக இருந்தால்?

தமிழ் எழுதுவோருக்கு இது வெறும் கற்பனை வினா அன்று. "திருநெல்வேலி" என்ற சொல்லை எண்ணிப் பார்ப்போம். நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். யூனிகோடில் ஒவ்வோர் எழுத்தும் மெய்யுருவும் குறியுமாகப் பிரிந்து 12 குறியீடுகள் ஆகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். ஆக 36 பைட்டுகள். ஒரு புலத்தின் மேலெல்லை 30 என்று விதி உள்ளது. ஜேசன் ஸ்கீமா நீளத்தைக் குறியீடுகளில் எண்ணுவதால் இச்சொல் அங்கே தேறும். பின்னால் உள்ள தரவுத்தளம் ஆரக்கிளாக இருந்து, அதன் இயல்பான அமைப்பின்படி நீளம் பைட்டுகளில் எண்ணப்பட்டால் அங்கே தேறாது. பயனருக்குக் கிடைக்கும் செய்தி: "மிக நீளம்". ஆறெழுத்துச் சொல் 30-ஐ எவ்வாறு மீறியது என்று அவர் திகைப்பார். அலகைச் சொல்லாத எல்லை எல்லையே ஆகாது. "30 பைட்டுகள் வரை ஏற்கப்படும், வந்தவை 36" என்று மறுமொழி சொன்னால், பிழை தம்முடையதன்று, விதியினுடையது என்பதை அவர் உடனே அறிவார்.

இன்னொன்று. பெயர்ப் புலத்தில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்பது நியாயமான விதி போலத் தோன்றும். ஆனால் பைத்தான் மொழியின் இஸ்ஆல்ஃபா என்னும் செயற்கூற்றிடம் "திரு" என்ற சொல் முழுதும் எழுத்துகளா என்று கேட்டால், இல்லை என்றே விடை வரும். யூனிகோடின் வகைப்பாட்டில் தகரம் எழுத்து. அதன்மேல் ஏறும் இகரக் குறி எழுத்து வகையைச் சேராது, குறி என்னும் தனி வகையைச் சேரும். புள்ளியும் அவ்வாறே. எழுத்து வகையை மட்டும் அனுமதிக்கும் வடிவக் கோவைகளிலும் இதே விபத்து நேரும். தமிழிலும், இந்தியிலும், வங்கத்திலும் தம் பெயரைச் சரியாக எழுதியவரிடம் "எழுத்துகளை மட்டும் பயன்படுத்தவும்" என்று ஒரு நிரல் சொல்கிறது. தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே உடையவரிடம் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சொல்வதும் இவ்வகையே. புள்ளியைப் பெயராகத் தட்டச்சு செய்து இந்தக் கட்டாயத்தைக் கடந்தவர்கள் நம்மிடையே பலர். அவ்வாறு நுழைந்த புள்ளி அடுத்த தரவுத்தளத்தில் பெயர் பொருந்தாமைக்குக் காரணமாவதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

7(8) பிரிவின் மேல்முறையீட்டு உரிமை இங்கேதான் பொருள் பெறுகிறது. காரணம் சொல்லப்பட்டால் மட்டுமே அக்காரணத்தை எதிர்த்து வாதிட முடியும். எந்த விதியால் மறுத்தேன் என்று சேவையகம் எழுத்தில் தரும்போது, அந்த விதி பொதுவெளிக்கு வருகிறது. அதன் பிழையைச் சுட்டலாம், திருத்தக் கோரலாம். "கோரிக்கை செல்லாது" என்ற மறைப்புக்குள் மோசமான விதிகள் பல ஆண்டுகள் பாதுகாப்பாக வாழ்கின்றன. புலவாரியாகக் காரணம் சொல்வது பயனரைத் திருத்தும் கருவி மட்டுமன்று. விதி எழுதியவரைத் திருத்தும் கருவியும் அதுவே.

எதிர்வாதங்களுள் வலுவானது பாதுகாப்பு சார்ந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. உள்நுழைவில் பயனர் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொல்லக் கூடாது என்பது ஓவாஸ்ப் அமைப்பின் நெடுநாள் பரிந்துரை. பிரித்துச் சொன்னால், எந்தப் பெயர்கள் பதிவில் உள்ளன என்பதைப் படிப்படியாக அறிந்துவிடலாம். ஆதாரின் அடையாள உறுதிப்பாட்டு இடைமுகம் இதற்கு நம் நாட்டுச் சான்று. அது ஆம், இல்லை என்றே விடை தரும். இல்லை எனில் ஒரு பிழை எண்ணும் வரும். 100 என்றால் பெயர், பிறந்த நாள் போன்ற அடிப்படை விவரம் பொருந்தவில்லை. 200 என்றால் முகவரி. 300 என்றால் உடற்கூற்று அடையாளம். 510 என்றால் அனுப்பிய கோரிக்கையின் வடிவமே பிழை. 100 என்ற எண் பெயரா, பிறந்த நாளா என்று பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டினால் ஒருவருடைய பிறந்த நாளை ஊகித்து ஊகித்துக் கண்டுபிடிக்க வழி திறக்கும். ஆகவே இந்த அடக்கம் நியாயமானது.

ஆனால் இந்த வாதத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். சேவையகம் காக்கும் மறைபொருளோடு ஒப்பிடுவது வேறு. அனைவரும் அறியத்தக்க விதியோடு ஒப்பிடுவது வேறு. ஐ.எஃப்.எஸ்.சி.யின் ஐந்தாம் இடத்தில் சுழியம் வேண்டும் என்பதில் மறைபொருள் ஏதும் இல்லை. முன்னதற்குரிய அடக்கத்தைப் பின்னதற்கும் நீட்டித்து, பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது சோம்பலுக்குச் சூட்டும் பட்டமே. மேலும், ஆதார் தரும் அந்த எண் வரையறுக்கப்பட்ட பொருள் உடையது. இடையில் நிற்கும் செயலி அந்த எண்ணை விழுங்கிவிட்டு "தோல்வி" என்று மட்டும் காட்டினால், விரல்ரேகை பதியவில்லையா, கோரிக்கையைத் தயாரித்த மென்பொருளே பழுதா என்பது நியாயவிலைக் கடையில் நிற்பவருக்கும் தெரியாது, விற்பனையாளருக்கும் தெரியாது. முதலாவது என்றால் வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் எத்தனை விரல் வைத்தும் பயனில்லை. அவரைத் திரும்பத் திரும்ப வரச்சொல்வது அநீதி. மூலச் சேவையகம் சொன்ன காரணத்தைச் சிதையாமல் கடத்துவது இடைநிலை நிரல்களின் கடமை.

பாதுகாப்பின் பெயரால் உண்மையில் தவிர்க்க வேண்டியவை வேறு. உள் அடுக்குகளின் பிழைத்தடத்தை அப்படியே வெளியே கொட்டுவது, அட்டவணைப் பெயர்களைக் காட்டுவது, தவறான மதிப்பை எதிரொலிப்பதாக எண்ணிக் கடவுச்சொல்லையோ ஆதார் எண்ணையோ மறுமொழியிலும் பதிவேட்டிலும் எழுதிவைப்பது ஆகியவை கேடு. புலத்தின் பெயரும் விதியும் போதும். மதிப்பு அனுப்பியவரிடமே உள்ளது.

மொழி பற்றியும் ஒன்று. மறுமொழியில் இரண்டு அடுக்குகள் வேண்டும். இயந்திரம் படிப்பதற்கு மாறாத குறியீடு ஒன்று; மனிதர் படிப்பதற்கு அவர் மொழியில் ஒரு வாக்கியம். குறியீடு இல்லாத இடைமுகத்தில் நிரலாளர்கள் ஆங்கில வாக்கியத்தை வெட்டிப் பொருள் தேடுவர்; ஒரு சொல் மாறினால் அவர்களின் நிரல் உடையும். அதன் பிறகு வாக்கியத்தைத் தமிழாக்கவும் எவரும் துணிய மாட்டார்கள். விளக்க வாக்கியத்தை நிரல்கள் பகுத்தாயக் கூடாது என்று ஆர்.எஃப்.சி. 9457 கூறுவதன் நடைமுறைப் பயன் இதுவே. குறியீடு நிலையாக இருந்தால்தான் வாக்கியம் எம்மொழியிலும் வரலாம்.

இனி நம் வகுப்பறைகளுக்கு வருவோம். ஆய்வக ஏடுகளில் உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்ற பயிற்சி தவறாமல் இடம்பெறுகிறது. எதிர்ம எண் வந்தால் "தவறான உள்ளீடு" என்று அச்சிட்டு நிரலை முடித்துவிட்டால் முழு மதிப்பெண். அடுத்த பத்து ஆண்டுகளில் இந்நாட்டின் பொதுச் சேவை இடைமுகங்களை எழுதப்போகும் கைகள் இப்படித்தான் பழகுகின்றன. மறுப்பதோடு கடமை முடிந்தது என்று நாமே கற்பித்துவிட்டு, பின்னர் அரசுத் தளங்களின் பிழைச் செய்திகளைப் பார்த்து நகைப்பதில் பொருளில்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வரும் பருவத்தில் இணையச் சேவை பற்றிய பயிற்சி ஒன்றுக்கேனும், சரியான கோரிக்கைக்குத் தரும் மதிப்பெண்ணுக்கு இணையான மதிப்பெண்ணைத் தவறான கோரிக்கைக்கு எழுதப்படும் மறுமொழிக்கும் ஒதுக்குங்கள். மூன்று புலங்களில் பிழை உள்ள ஒரு கோரிக்கையை அனுப்புங்கள். மூன்றும் இடஞ்சுட்டி வருகின்றனவா என்று பாருங்கள். அறியாத புலம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். பெயர்ப் புலத்தில் ஒரு தமிழ்ப் பெயரை இட்டு அனுப்புங்கள். பின்னர் அம்மறுமொழியை மட்டும் வேறொரு மாணவரிடம் கொடுத்து, மூல நிரலைப் பார்க்காமல் கோரிக்கையைத் திருத்தச் சொல்லுங்கள். ஒரே சுற்றில் திருத்தினால் எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

மாணவ நண்பர்கள் ஆசிரியருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு எழுதிவைத்திருக்கும் இடைமுகத்துக்கு இன்றே ஒரு தவறான கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். எந்தப் புலம், எந்த விதி, எதிர்பார்த்தது என்ன என்ற மூன்றும் மறுமொழியில் இல்லையென்றால், முதலில் எழுத வேண்டிய நிரல் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.